அஃபியின் இரண்டு சோடிச் சப்பாத்து

அஃபியை நான் முதன்முதலில் பார்த்தபோது அவள் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாள். நான் பஸ்ஸுக்குள் இருந்தேன். மாசி மாதம். சுவிஸ் மலையூரான லா ஷோ-து-ஃபோனில் வழக்கம்போல முழங்கால் உயரத்துக்குப் பனி கிடந்தது. தெருவின் நடுவில் மட்டும் வழித்து விட்டிருந்தார்கள். கதவு மூடிப் பஸ் கிளம்பிய பிறகு ஒரு கறுப்பினப் பெண் ஓடி வந்தாள். சாரதி நிறுத்தவில்லை. இந்த நாட்டில் பிந்தி வந்தவருக்காக எந்தச் சாரதியும் மனமிரங்க மாட்டார். பாவம், அடுத்த பஸ்ஸுக்குக் குளிரில் நின்று விறைக்கப் போகிறாளே என்று நினைத்தேன். அவள் எங்கே நின்றாள்! ஓடினாள். பஸ்ஸோடு ஓடினாள், பஸ்ஸின் சன்னல்களை ஒவ்வொன்றாகத் தாண்டினாள், என்னைத் தாண்டினாள், சாரதியையும் தாண்டினாள். அடுத்த தரிப்பிடத்தில் எங்களுக்கு முன்னால் போய் நின்று, தலையில் விழுந்த பனியைத் தட்டிவிட்டு, "பொன்ஜூர்" என்று சொல்லிக்கொண்டு ஏறினாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சுவிஸ்காரர்கள் ஆகையால் ஒருவரும் கைதட்டவில்லை. நான் தட்டினேன்.

அவள் இறங்கிய இடத்தில்தான் நானும் இறங்க வேண்டியிருந்தது. அவள் நுழைந்த கதவுக்குள்தான் நானும் நுழைந்தேன். கைக்கடிகாரங்களில் கீறல், தூசி, விரலடையாளம் இருக்கிறதா என்று பார்த்து, துடைத்து, பெட்டிக்குள் வைக்கிற பகுதியில் நான் பல வருடமாக வேலை செய்கிறேன். எங்கள் செஃப், அதாவது மேற்பார்வையாளர், அந்தப் பெண்ணைக் கூட்டி வந்து என் மேசைக்குப் பக்கத்து மேசையில் இருத்தினார். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம்.

தோகோ நாட்டின் லோமே பட்டினத்தில் பிறந்தவள். பதினைந்து வயதில் தாயோடு இங்கே வந்தாள். அஃபி என்றால் அவர்களுடைய பாஷையில் வெள்ளிக்கிழமை பிறந்த பெண்ணாம். கேட்டவுடனே எனக்கு ஒட்டிவிட்டது, ஏனென்றால் நானும் வெள்ளிக்கிழமைக்காரி. அவர்களுடைய ஊரிலும் மூத்த பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்களாம். உங்களை எப்படிக் கூப்பிடுவது என்று கேட்டாள். அன்ரி என்று சொல்லிக் கொடுத்தேன். எங்கள் இருவரின் பிரெஞ்சும் ஆளுக்கொரு திசையில் இழுக்கும்; அதை அப்படியே எழுதினால் உங்களுக்கும் விளங்காது, பிரெஞ்சுக்காரருக்கும் விளங்காது. ஆகவே அவள் பேசியதையெல்லாம் நான் பேசுகிற தமிழிலேயே எழுதுகிறேன்.

அவளுடைய தோள்பையில் எப்போதும் இரண்டு சோடிச் சப்பாத்து இருக்கும். ஒரு சோடி, அடியில் ஊசி ஊசியாக ஆணி வைத்த ஓட்டச் சப்பாத்து. மற்றது, கட்டை கட்டையாகக் குமிழ் வைத்த உதைபந்துச் சப்பாத்து. வேலை முடிந்ததும் ஒருநாள் ஓட்டத் திடலுக்குப் போவாள், மறுநாள் உதைபந்துத் திடலுக்குப் போவாள். நூறு மீற்றர் ஓட்டத்தில் ஊர் ஓட்டக் கழகத்தின் முதல் ஆள் அவள். ஊர்ப் பெண்கள் உதைபந்து அணியில் வலது பக்கத்து முன்னணி வீராங்கனையும் அவளே. எனக்கு இரண்டைப் பற்றியும் அதிகம் தெரியாது. திருகோணமலையில் அண்ணன்மார் பந்தடிக்கப் போகும்போது பின்னால் போய்த் தொண்டை கிழியக் கத்தியதுதான் என் அனுபவம். அதுவே போதுமாக இருந்தது. அஃபி விளையாடுகிறாள் என்றால் கத்த ஓர் ஆள் வேண்டுமல்லவா? அவளுடைய தாய் முதியோர் இல்லத்தில் சமையல் வேலை. சனி, ஞாயிறுதான் அங்கே வேலை கூட. நான் போவேன். என்னோடு வேலை செய்கிற ஞானம்மா அக்காவும் வருவார். எங்கள் இருவரின் சத்தம் மற்ற எல்லாருடைய சத்தத்தையும் விடக் கூட.

சிக்கல் செவ்வாய்க்கிழமையில் இருந்தது. ஓட்டக் கழகத்தின் பயிற்சி செவ்வாய் பின்னேரம். பெண்கள் அணியின் பயிற்சியும் செவ்வாய் பின்னேரம். இரண்டு வருடமாக அஃபி ஒரு செவ்வாய் இங்கே, மறு செவ்வாய் அங்கே என்று சமாளித்தாள். ஓட்டப் பயிற்றுநர் ஜில்பெர் பொறுமைசாலி, ஆனால் அவருடைய பொறுமைக்கும் அடி தட்டியது. உதைபந்துப் பயிற்றுநர் நதாலிக்குப் பொறுமை என்ற சாமானே கிடையாது. இரண்டு பேரும் தனித்தனியாக ஒரே கதையைச் சொன்னார்கள்: இந்தப் பருவம் முடிய ஒன்றைத் தெரிவு செய், இரண்டு தோணியில் கால் வைக்காதே.

"எதை விடப்போறாய்?" என்று ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டில் ஞானம்மா அக்கா கேட்டார்.

அஃபி கரண்டியை வைத்துவிட்டாள். "ஓடேக்க நான் தனிய. எனக்கும் அந்தக் கோட்டுக்கும் நடுவில ஒருத்தரும் இல்லை. பந்தடிக்கேக்க நான் பதினொரு பேர். எனக்குத் தனியவும் இருக்க வேணும், பதினொரு பேராயும் இருக்க வேணும். இதில எதை விடுறது அக்கா? நீங்களே சொல்லுங்கோ."

ஞானம்மா அக்கா தன் சாப்பாட்டில் பாதியை அவள் பக்கம் தள்ளினார். எனக்குத்தான் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றைத் தெரிவு செய் என்று சொல்ல இவர்கள் யார்? நாங்கள் அகதியாக இந்த ஊருக்கு வந்த காலத்தில் விடியற்காலை அலுவலகம் கூட்டித் துடைத்து, பகல் தொழிற்சாலைக்குப் போய், பின்னேரம் உணவகத்தில் கோப்பை கழுவினோம். என் மனுசன் புண்ணியமூர்த்தி இன்றைக்கும் இரண்டு வேலை செய்கிறார். ஒன்றைத் தெரிவு செய் என்று எங்களுக்கு யாராவது சொன்னார்களா? சொல்லியிருந்தால் சிரித்திருப்போம்.

"இஞ்ச பார் பிள்ளை," என்று சொன்னேன், "ரெண்டு வேலை செய்யிறது எப்பிடி எண்டு எங்களுக்குத் தெரியும். வேலை மாறுற நேரத்திலதான் சூட்சுமம். உடுப்பு கையில இருக்க வேணும், சாப்பாடு வழியில முடிய வேணும், வாகனம் வாசல்ல நிக்க வேணும். கடைசிச் சனிக்கிழமை அதை நாங்கள் பாக்கிறம்."

கடைசிச் சனிக்கிழமை என்று நான் சொன்னது ஆனி மாதத்தில் வந்த ஒரு சனிக்கிழமையை. அன்றைக்குத்தான் கீழே ஏரிக்கரையில், நொஷாத்தலில், மாநிலத் தடகளப் போட்டி. அதில் முதல் இரண்டு இடத்துக்குள் வந்தால் தேசியப் போட்டிக்குப் போகலாம். அன்றைக்கே எங்கள் ஊரில் பெண்கள் அணியின் கடைசி ஆட்டம். தோற்றால் கீழ்ப் பிரிவுக்கு இறக்கிவிடுவார்கள். சமநிலை வந்தாலே தப்பிவிடுவார்கள். ஓட்டத்தின் இறுதிச் சுற்று மதியம் கழிந்து சற்று நேரத்தில், ஆட்டம் பின்னேரம் நான்கு மணிக்கு. நடுவில் மலையைக் குடைந்து போட்ட சுரங்கப் பாதையால் அரை மணி நேரப் பயணம். போதாக்குறைக்கு அதே நாள் பின்னேரம் எங்கள் ஊர் மண்டபத்தில் ஞானம்மா அக்காவின் மருமகளுக்கு, அவருடைய தம்பியின் மகளுக்கு, பூப்பெய்திய சாமத்தியச் சடங்கு. சமையல் பொறுப்பு என் மனுசனுடையது. நொஷாத்தலில் தான் வேலை செய்கிற உணவகத்து அடுப்பில் சமைத்து, தன் வான் வண்டியில் ஏற்றி, மலைக்கு மேலே கொண்டுவருவது அவருடைய திட்டம். அந்த வானில் அஃபியையும் ஏற்றிவிடுவது என்னுடைய திட்டம்.

"பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாறதோ? சோத்துக்கு மேலயோ இருத்துறது?" என்று புண்ணியமூர்த்தி கேட்டார்.

"சோத்துக்குப் பக்கத்தில இருத்துங்கோ," என்றேன்.

திட்டம் நல்ல திட்டம். மழைதான் எங்களிடம் கேட்காமல் வந்தது. நொஷாத்தலில் காலைச் சுற்றுகளை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏரிக்கு அந்தப் பக்கத்தில் இடி இடித்தது. ஐந்து நிமிடத்தில் வானம் கறுத்து, ஓட்டத் திடலில் வெள்ளம். எல்லாரையும் கூரைக்கு அடியில் ஒதுக்கிவிட்டார்கள். மழை விட்டது, மறுபடியும் வந்தது, விட்டது. இறுதிச் சுற்றைத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். கடைசியில் ஒலிபெருக்கியில் அறிவித்த நேரத்தைக் கேட்டதும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அஃபி கோட்டில் நிற்கிற நேரத்தில் மேலே ஆட்டம் தொடங்கியிருக்கும்.

அஃபி நதாலிக்குத் தொலைபேசி எடுத்தாள். நதாலியின் குரல் எனக்கே கேட்டது.

"இரண்டாம் பாதி தொடங்கேக்க நீ மைதானத்தில நிக்க வேணும். இல்லாட்டி இனிச் செவ்வாய்க்கிழமை வராத. அங்கயே இரு."

பக்கத்தில் நின்ற ஜில்பெரும் கேட்டுவிட்டார். "நான் உன்னை மறிக்கேல்லை," என்று மெதுவாகச் சொன்னார். "ஆனால் இப்ப போனாய் எண்டால் உன்ர இடத்தை வேற பிள்ளைக்குக் குடுக்க வேண்டி வரும். எனக்கும் ஒரு கழகம் இருக்கு, அஃபி."

அவள் என்னைப் பார்த்தாள். நான் என்ன சொல்வது? போ என்றால் ஓட்டம் போயிற்று. நில் என்றால் பந்து போயிற்று.

"ஓடு," என்றேன். "ஓடி முடிச்சதும் பிறகும் ஓடு. வான் வாசல்ல நிக்கும்."

வானை வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி மனுசனிடம் தொலைபேசியில் கத்தினேன். அங்கே நிறுத்தக் கூடாது, பொலிஸ் பிடிக்கும் என்றார். பிடிக்கட்டும், சோறு கொடுத்துச் சமாளியுங்கோ என்றேன்.

எட்டுப் பெண்கள் கோட்டில் நின்றார்கள். அஃபி எட்டாவது தடத்தில், எனக்குக் கிட்ட. துப்பாக்கி வெடிக்கும்வரை ஒரு சத்தமும் போடக் கூடாது என்று ஜில்பெர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். நான் சால்வையின் நுனியை வாய்க்குள் திணித்துக்கொண்டேன். எட்டுப் பேரும் குனிந்தார்கள். இடுப்பை உயர்த்தினார்கள். நாலாவது தடத்துப் பெண் ஒருத்தி பொறுக்காமல் பாய்ந்துவிட்டாள். திரும்ப அழைத்து, அவளை வெளியேற்றினார்கள். பாவம், அழுதுகொண்டு போனாள். மற்றவர்கள் எழுந்து, கையை உதறி, மறுபடியும் குனிந்தார்கள். ஐயோ, இந்த நேரம் பார்த்து இதுவும் வேண்டுமா!

டுமீல்!

சால்வையைத் துப்பிவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது. முதல் பத்து எட்டில் அஃபி பின்னால்தான் இருந்தாள். அவள் அப்படித்தான், பஸ்ஸிலும் அப்படித்தான் பிந்தித் தொடங்கினாள். பாதி வழியில் தலையை நிமிர்த்தினாள். அங்கே ஒரு மாற்றம் வந்ததே! கால் நிலத்தில் படுகிறதா இல்லையா என்று தெரியவில்லை. மூன்று பேரைத் தாண்டினாள், இன்னொருத்தியைத் தாண்டினாள். கடைசியில் நாலு பேர் ஒரே வரிசையில் நெஞ்சை முன்னால் தள்ளிக் கோட்டில் விழுந்தார்கள். யார் முந்தி, யார் பிந்தி என்று கண்ணால் சொல்ல முடியவில்லை. எல்லாரும் பெரிய பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அஃபி மட்டும் பார்க்கவில்லை. கோட்டைத் தாண்டிய வேகத்திலேயே வேலியையும் தாண்டி வாசலை நோக்கி ஓடிக்கொண்டிருந்தாள்.

நானும் பின்னால் ஓடினேன். ஐம்பத்து மூன்று வயது, முழங்கால் இரண்டும் தேய்ந்த பிறவி. வாசலை அடைந்தபோது முதுகுக்குப் பின்னால் ஒலிபெருக்கி கரகரத்தது. இரண்டாம் இடம், அஃபி. எனக்கு வான் கதவைப் பிடித்துக்கொண்டு அழ வேண்டும்போல இருந்தது. அதற்கு நேரமில்லை.

வானுக்குள் சோறு, புட்டு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, பெரிய பெரிய சமையல் கிடாரங்கள். அவற்றின் நடுவில் அஃபி இருந்தாள். நான் போர்வையை மறைப்பாகப் பிடிக்க அவள் ஓட்ட உடுப்பைக் கழற்றி அணி உடுப்பைப் போட்டாள். ஆணிச் சப்பாத்துப் போய் குமிழ்ச் சப்பாத்து வந்தது. வாழைப்பழம் ஒன்றை உரித்து வாயில் வைத்தேன், தண்ணீர் கொடுத்தேன். எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது, ஒன்றைத் தவிர. என் மனுசன் வேக எல்லையைத் தாண்டாமல் சட்டப்படி வானை ஓட்டினார்.

"என்னப்பா, மாட்டு வண்டிலோ ஓட்டுறியள்? கெதியா விடுங்கோவன்!"

"உதில வேகம் பிடிக்கிற ராடர் இருக்கு."

"எங்க இருக்கு?"

"எங்க இருக்கெண்டு தெரிஞ்சா அதுக்குப் பேர் ராடரோ? சத்தம் போடாத. கறி தளம்புது."

பின்னாலிருந்து அஃபி சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, ஏனென்றால் அவள் தன் வலது கெண்டைக்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஓட்டம் முடிந்ததும் நடந்து, கால் நீட்டி, ஆறவிட வேண்டும். அவளோ கிடாரங்களுக்கு நடுவில் முடங்கிக் கிடந்தாள்.

மேலே மழையில்லை. நாங்கள் மைதானத்தை அடைந்தபோது இடைவேளை முடிந்து இரண்டு அணியும் நடந்து உள்ளே வந்துகொண்டிருந்தன. எங்கள் அணி ஒரு கோல் பின்னால். நதாலி கடிகாரத்தைப் பார்த்தாள், அஃபியைப் பார்த்தாள், நேரே நடுவரிடம் போய் ஆளை மாற்றினாள். அஃபி உள்ளே ஓடும்போது அவளிடமிருந்து ஆட்டிறைச்சிக் கறி மணந்ததாக அணித்தலைவி செவ்ரின் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

ஞானம்மா அக்கா ஏற்கெனவே வந்து நின்றார். அவர் மட்டுமா? சடங்குக்குப் போகிற வழியில் பத்துப் பன்னிரண்டு பேரைத் திரட்டிக்கொண்டு வந்திருந்தார். காஞ்சிபுரம் சேலை, கழுத்து நிறைய நகை, தலை நிறையப் பூ. ஆண்கள் வேட்டியும் மேலே குளிர்ச் சட்டையும். யாரோ ஒருவர் மேளம் ஒன்றும் கொண்டுவந்திருந்தார். சாதாரணமாக இந்த ஆட்டங்களைப் பார்க்க விளையாடுகிறவர்களின் தாய் தகப்பனும் இரண்டு நாய்களும் வருவார்கள். அன்றைக்கு அந்த நாய்கள் குரைப்பதையே நிறுத்திவிட்டன.

எதிரணிக்காரிகளுக்கு அஃபியின் வேகம் தெரிந்திருந்தது. இரண்டு பேரை அவளோடு ஒட்டவைத்தார்கள். பந்து வந்தது, போனது, வந்தது. நேரம் ஓடிக்கொண்டிருந்தது. செவ்ரின் நடுவிலிருந்து தலையை நிமிர்த்தி, ஒட்டி நின்ற இரண்டு பேருக்கும் பின்னால் வெறும் புல்வெளியில் பந்தை உதைத்தாள். அங்கே ஒருவரும் இல்லை. யாருக்கு உதைத்தாள் என்று நான் யோசித்து முடிப்பதற்குள் அங்கே அஃபி இருந்தாள்! கோல் கீப்பர் வெளியே வந்தாள். அஃபி அவளுக்குப் பக்கத்தால் மெல்லத் தட்டிவிட்டாள். பந்து அவசரமே இல்லாமல் உருண்டு உள்ளே போனது.

இனி நடந்ததை வெள்ளைக்காரர் விளங்கிக்கொள்ள மாட்டார்கள். எங்கள் நாட்டில் கோல் விழுந்தால் வெளியில் நின்று கைதட்டுவது மரியாதையில்லை. மைதானத்துக்குள் ஓட வேண்டும். அடித்தவனைத் தூக்க வேண்டும், ஆட வேண்டும், பிறகு நடுவர் துரத்த வெளியே வர வேண்டும். திருகோணமலையில் எந்த ஆட்டத்திலும் இது நடக்கும், ஒருவரும் தப்பாக எடுப்பதில்லை. ஆகவே ஞானம்மா அக்கா ஓடினார். சேலையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு, மருமகளின் சடங்குக்கு மாமி முறையில் கொண்டுபோகவிருந்த ரோசாப்பூ மாலையைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார். மேளக்காரர் அடித்துக்கொண்டே ஓடினார். வேட்டிகள் ஓடின. நானும் ஓடினேன். மாலை அஃபியின் கழுத்தில் விழுந்தது, நாங்கள் சுற்றிவர ஆடினோம். எங்கள் அணிப் பெண்கள் சிலரும் சேர்ந்து ஆடினார்கள்.

விசில் சத்தம் வெகுநேரமாகக் கேட்டுக்கொண்டிருந்திருக்க வேண்டும். நடுவர் ஓர் இளம் பெண். விசிலை வாயிலிருந்து எடுக்காமலே நின்றாள். எதிரணிப் பயிற்றுநர் அவளிடம் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார்: பார்வையாளர் உள்ளே புகுந்துவிட்டார்கள், ஆட்டத்தை நிறுத்து, வெற்றியை எங்களுக்குக் கொடு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாங்கள் கொண்டாடிய கொண்டாட்டத்தில் அஃபியின் அணியே கீழே போய்விடும்!

அஃபி மாலையைக் கழற்றினாள். ஞானம்மா அக்காவின் தோளில் போட்டு, அவருடைய கையைப் பிடித்து, கோயிலில் கூட்டிப் போவதுபோல மரியாதையாகக் கூட்டிக்கொண்டு நடந்தாள். "அக்கா, நல்ல சந்தோசம். ஆனால் இன்னும் முடியேல்லை. எல்லாரும் கோட்டுக்கு வெளியில வாங்கோ." நாங்கள் ஆட்டு மந்தை மாதிரி அவளுக்குப் பின்னால் வெளியே வந்தோம். நடுவர் எங்களிடம் வந்து நின்று சொன்னதை யாரும் மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை. இனி ஒரு கால் இந்தக் கோட்டைத் தாண்டினால் ஆட்டம் முடிந்தது, உங்கள் அணி தோற்றது.

நாங்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியில் நின்றோம். மேளக்காரர் மேளத்தை நிலத்தில் வைத்துவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஒன்றுக்கு ஒன்று. இன்னும் கொஞ்ச நேரம் தாக்குப்பிடித்தால் போதும்.

அஃபி விழுந்தாள். ஒருவரும் தள்ளவில்லை. ஓடிக்கொண்டிருந்தவள் எனக்கு நேரே முன்னால் வலது காலைப் பிடித்துக்கொண்டு புல்லில் சாய்ந்தாள். கெண்டைக்கால் சதை உருண்டு கல்லாகத் திரண்டது எனக்குத் தெரிந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரம். ஆனால் நடுவில் அந்த வெள்ளைக் கோடு. என் கால் தானாக முன்னால் போனது. ஞானம்மா அக்கா என் சேலையைப் பிடித்து இழுத்தார்.

"போகாதையடி! கோடு!"

"பிள்ளை துடிக்கிறாள் அக்கா!"

"ஓம், தெரியுது. போகாத!"

ஒரு கோட்டை நான் வாழ்க்கையில் இவ்வளவு வெறுத்ததில்லை. எல்லைகளைத் தாண்டித்தான் இந்த நாட்டுக்கே வந்தேன். சுண்ணாம்பால் போட்ட இந்த நாலு விரல் அகலக் கோட்டைத் தாண்ட முடியாமல் நின்றேன். "அஃபி, உருளு! இஞ்சால உருளு!" என்று கத்தினேன். அவளுக்கு விளங்கிவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு முறை உருண்டு கோட்டுக்கு வெளியில் வந்து என் காலடியில் கிடந்தாள். கைப்பையில் சித்தாலேப தைலம் இல்லாத இலங்கைக்காரி உண்டா? பாதி டப்பாவை அள்ளி அந்தக் காலில் பூசி, இரண்டு கையாலும் உருட்டி உருட்டித் தேய்த்தேன். ஞானம்மா அக்கா பாதத்தைப் பிடித்து மேல்நோக்கி மடக்கினார். அஃபி அவளுடைய பாஷையில் கடவுளையோ எங்களையோ திட்டினாள். சதை மெல்ல இளகியது.

அவள் எழுந்து நின்று நடுவரை நோக்கிக் கை உயர்த்தினாள். அந்த நேரத்தில்தான் அது நடந்தது. எங்கள் தடுப்பு வீராங்கனை ஒருத்தி வழுக்கி விழ, எதிரணியின் முன்னணிக்காரி பந்தோடு தனியாகப் பிய்த்துக்கொண்டு போனாள். முன்னால் எங்கள் கோல் கீப்பர் மட்டும். பின்னால் ஒருவரும் இல்லை. பந்து போகிற திசையைப் பார்த்தபடியே நடுவர் அஃபிக்குக் கையசைத்தாள். உள்ளே வா.

அஃபி நின்றது கோட்டுக்கு வெளியில், நடுக் கோட்டுக்குப் பக்கத்தில். மற்றவள் பாதித் தூரம் போய்விட்டாள். நியாயமாகப் பார்த்தால் பிடிக்கவே முடியாது. ஆனால் அஃபி குறுக்காகப் புறப்பட்டாள். அந்த ஓட்டத்தை நான் எப்படி எழுதுவது! அன்றைக்கு மூன்று சுற்று ஓடிய கால், கிடாரத்துக்குப் பக்கத்தில் மடங்கிக் கிடந்த கால், சற்றுமுன் கல்லாக இறுகிய கால். அந்தக் காலோடு ஓடினாள். இந்த முறை நான் சால்வையை வாய்க்குள் திணிக்கவில்லை. ஆனாலும் எனக்குச் சத்தம் வரவில்லை. எங்கள் பன்னிரண்டு பேருக்கும் வரவில்லை. முன்னணிக்காரி காலைப் பின்னுக்கு எடுத்து உதைக்கப் போன நேரத்தில் பக்கத்திலிருந்து ஒரு குமிழ்ச் சப்பாத்து நீண்டு வந்தது. ஆளைத் தொடவில்லை. பந்தை மட்டும் தொட்டது. பந்து சுழன்று கம்பத்துக்கு வெளியில் போனது.

அவ்வளவுதான். அவர்கள் அடித்த மூலை உதையைச் செவ்ரின் தலையால் முட்டித் தள்ளினாள். நடுவர் மூன்று முறை ஊதினாள். ஞானம்மா அக்கா மிகுந்த பணிவோடு கேட்டார்: "இப்ப தாண்டலாமோ?" நடுவர் சிரித்துவிட்டாள். தலையை ஆட்டினாள். தாண்டினோம்!

ஆட்டமும் மேளமும் அடங்கியபோது ஜில்பெர் அங்கே நிற்பதைக் கண்டேன். வெள்ளிப் பதக்கத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு தன் காரில் எங்களுக்குப் பின்னாலேயே வந்திருக்கிறார். கடைசி ஓட்டத்தையும் பார்த்துவிட்டார். புல்லில் மல்லாந்து கிடந்த அஃபியின் நெஞ்சில் பதக்கத்தை வைத்தார்.

"கீழ நீ இப்பிடி ஓடேல்லை," என்றார்.

"கீழ எனக்கு முன்னால பந்து இல்லை," என்றாள் அஃபி.

அவர் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார். "தேசியப் போட்டிக்கு இனி ஒவ்வொரு செவ்வாயும் வேணும். ஒரு செவ்வாயும் விடேலாது. அதை உனக்குச் சொல்லத்தான் வந்தனான்."

நதாலி பக்கத்தில் நின்றாள். அணிப் பெண்கள் எல்லாரும் நின்றார்கள். அஃபி எழுந்து உட்கார்ந்தாள். நதாலியைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இருந்த வெளிச்சம் அணைவதை நான் கண்டேன். இவ்வளவு ஓடியும் கடைசியில் அதே இடத்துக்கு வந்து நிற்கிறோமே! வாயைத் திறந்து இரண்டு பயிற்றுநருக்கும் நன்றாகக் கொடுக்கத்தான் போனேன்.

என்னை முந்திக்கொண்டு செவ்ரின் சொன்னாள். "அப்ப நாங்கள் வியாழக்கிழமை வைப்பம்."

நதாலி திரும்பினாள். "ஒரு ஆளுக்காக எல்லாரும் நாளை மாத்துறதோ?"

"ஓம்," என்று சொல்லிச் செவ்ரின் கையை உயர்த்தினாள். வழுக்கி விழுந்த பெண் உயர்த்தினாள். இன்னும் இரண்டு, மூன்று கைகள். கோல் கீப்பர் மட்டும் தனக்கு வியாழன் பாட்டுக் குழு என்று முணுமுணுத்தாள். பிறகு, "சரி, பாட்டுக்குப் பிந்திப் போறன்," என்று அவளும் உயர்த்தினாள். நதாலி எல்லாக் கைகளையும் பார்த்தாள். "வியாழன்," என்றாள். அவ்வளவு சுருக்கமாக.

நான் அழுதேன். சந்தோசம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். சந்தோசம்தான், ஆனால் கூடவே ஒரு பொறாமையும் இருந்தது, ஏன் மறைக்க வேண்டும்? இந்த ஊரில் எத்தனை வருடம் மூன்று வேலைக்கு நடுவில் ஓடியிருப்போம். நாங்கள்தான் வளைந்தோம், நித்திரையை விட்டோம், பிள்ளைகளின் பள்ளிக்கூட விழாக்களை விட்டோம். எங்களுக்காக ஒருவரும் ஒரு ஷிஃப்ட்டைக்கூட மாற்றித் தந்ததில்லை. கேட்க வேண்டும் என்றுகூட எங்களுக்குத் தெரியாது.

கைகள் எல்லாம் உயர்ந்து நிற்க, அஃபி மட்டும் தலையைக் குனிந்துகொண்டு இருந்தாள்.

"என்ன? உனக்கு வியாழன் சரிதானே?" என்று நதாலி கேட்டாள்.

"வியாழன் பின்னேரம் எனக்கு வேலை," என்றாள் அஃபி. "எங்கட பகுதியில கிழமைக்கு ஒருநாள் பின்னேர ஷிஃப்ட். வியாழன்தான் என்ர முறை."

உயர்ந்த கைகள் மெல்ல மெல்ல இறங்கின. மைதானத்துக்கு வெளியில் என் மனுசன், சோறு ஆறப் போகிறது, சடங்கு வீட்டில் தேடப் போகிறார்கள் என்று வானின் ஒலிப்பானை அழுத்தத் தொடங்கினார். நான் கண்ணைத் துடைத்தேன். சித்தாலேப பூசிய கை என்பதை மறந்து துடைத்ததால் கண் இரண்டும் நெருப்பாக எரிந்தன. ஒன்றும் தெரியாமல், அஃபி இருந்த பக்கத்தைப் பார்த்துச் சொன்னேன்.

"வியாழன் பின்னேரம் நான் செய்யிறன். நீ போய் விளையாடு."